பூசணிக்காய்க்குப் போன மனை

ஈரல் கெட்டுப்போனது என்று சொன்னதும் கேட்கிறவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். “எத்தனை வருஷப் பழக்கம்?” என்று நேராகக் கேட்டுவிடுபவர்கள் நல்லவர்கள். மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டு என் மனைவி ரூத்தை இரக்கத்தோடு பார்ப்பார்கள். ஆகையால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் குடித்ததில்லை. கோயிலில் திருவிருந்து நாளில் போதகர் கொடுக்கும் ஒரு மிடறு திராட்சை ரசத்தோடு சரி. அதற்கே ஈரல் கெடும் என்றால் எங்கள் சபையில் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள்.

எனக்கு வந்தது கல்யாணமான புதிதில் ஒரு மஞ்சள் காமாலை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்தேன், கண் வெளுத்தது, ஆபீசுக்குப் போனேன். தீர்ந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அது போகாமல் உள்ளேயே தங்கி, பதினான்கு பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் வேலை பார்த்து, ஈரலைத் தழும்பும் முடிச்சுமாகச் சுருக்கிவிட்டது. சிரோசிஸ் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சுருங்கிய ஈரல் திரும்ப விரியாது.

அப்போது நாங்கள் இரும்புலியூரில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. ரூத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். மகள் கிரேஸ் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். சொத்து என்று சொல்ல, செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மனை. இரும்புலியூரில் அரிசி மண்டி வைத்திருந்த எத்திராஜ் தன் குடும்பத்து வயலை மனையாகப் பிரித்தபோது தவணையில் வாங்கியது. வேலி கூடக் கிடையாது, நான்கு கல் நட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் போய் அந்தக் கல்லுக்குள் நின்று, இது சமையலறை, இது ஹால் என்று பேசிவிட்டு வருவோம். கிரேஸ் ஒரு மூலையில் மஞ்சள் பூசணி விதை போட்டிருந்தாள்.

இந்த வியாதியில் ஈரலுக்கென்று பெரிய செலவு கிடையாது, ஏனென்றால் ஈரலுக்கு மருந்தே கிடையாது. அதன் பின்னால் ஒவ்வொன்றாக வருகிற உபத்திரவங்கள்தான் வீட்டைச் சுரண்டும். டாக்டர் எனக்கு விளக்கிய விதம் இது. தாம்பரம் ரயில்வே கேட்டை மூடிவிட்டால் இந்தப் பக்கம் லாரி, பஸ், மாட்டுவண்டி எல்லாம் தேங்கி நிற்கின்றன அல்லவா, அதேபோல் ஈரலுக்குள் போக முடியாத ரத்தம் வயிற்றில் தேங்குகிறது. தேங்கிய இடத்தில் தண்ணீர் கசிகிறது. குறுக்குச் சந்து தேடிப் போகும் ரத்தம், உணவுக்குழாயில் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய்களைப் புடைக்க வைத்து ஒருநாள் வெடிக்கிறது.

முதலில் தண்ணீர் வந்தது. காலில் செருப்பு ஏறவில்லை, பிறகு வயிறு வந்தது. “எத்தனாவது மாசம் சார்?” என்று ஆபீசில் கேட்டார்கள். நானும் சிரித்தேன். மின்சார ரயிலில் நிற்க முடியாமல் போன பிறகு சிரிப்பு நின்றது. ஆஸ்பத்திரியில் உட்கார வைத்து, தொப்புளுக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு தடித்த குழாயைச் செருகி வாளியில் வடிய விட்டார்கள். சாராயம் காய்ச்சினால் இந்த நிறத்தில்தான் இருக்கும் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார், அனுபவஸ்தர் போலிருக்கிறது. வடித்த தண்ணீர் மறுபடியும் ஊறும், மறுபடியும் போக வேண்டும். சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை தினமும் உண்டு. உப்பு அறவே கூடாது.

உப்பில்லாத சாப்பாட்டை உண்டு பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன், ரூத்தும் கிரேசும் அதையே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“உங்களுக்கு எதுக்கு இந்த வேதனை?” என்றேன்.

“ரெண்டு தடவை குழம்பு வைக்க கெரசின் யார் வாங்கித் தர்றது?” என்றாள் ரூத். அவள் அன்பாகப் பேசி நான் கேட்டது குறைவு.

அடுத்தது ரத்தம். ஆபீசில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குமட்டிக்கொண்டு வந்தது. பாத்ரூமில் போய்க் குனிந்தேன். வெற்றிலை போட்டவன் துப்பியது போல இருக்கும் என்று நினைத்தால், கைகழுவும் தொட்டி நிறைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டும், ஆள் கொண்டுவா என்றார்கள். ரூத்தின் தம்பி தேவசகாயம் ஓடிவந்து கொடுத்தான், சபையில் இரண்டு பேர் கொடுத்தார்கள். மீதிக்கு, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் ஆட்களிடம் விலை பேச வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவர் என்னைவிட மெலிந்திருந்தார். அந்த வாரத்தில் ரூத்தின் சங்கிலியும் வளையலும் போயின. பிராவிடண்ட் ஃபண்டில் கடன் எடுத்தேன். அரைச் சம்பள லீவு தீர்ந்து, சம்பளமில்லாத லீவு தொடங்கியது.

ரத்தம் நின்ற பிறகு டாக்டர் என்னையும் ரூத்தையும் உட்கார வைத்துச் சொன்னார். இன்னொரு தடவை வெடித்தால் நிறுத்துவது கஷ்டம். வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்கிறார்கள். மண்ணீரலை எடுத்துவிட்டு, அதன் ரத்தக்குழாயைச் சிறுநீரகத்து ரத்தக்குழாயோடு இணைத்துவிடுவார்கள், தேங்கிய ரத்தத்துக்கு வேறு வழி கிடைக்கும். ஈரல் சரியாகாது, ஆனால் ரத்த வாந்தியில் சாகமாட்டீர்கள். செலவை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார்.

அந்தப் பணம் எங்களிடம் ஒரே இடத்தில்தான் இருந்தது, செம்பாக்கத்தில். மனை என் பேரில் இருந்தது. நான் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன்.

நான் கணக்குப் பார்க்கிறவன். நான் பிழைத்தால் வாடகை வீட்டில் ஒரு நோயாளி, மாதாமாதம் மருந்து. பிழைக்காவிட்டால் மனையும் போய் ஆளும் போய்விடுவான். மனையை வைத்துக்கொண்டு நான் மட்டும் போனால், ரூத்தின் சம்பளத்தில் ஒரு ஓட்டு வீடாவது கட்டிக்கொள்வார்கள். விதவைக்கும் வயதுப் பெண்ணுக்கும் வீடு வாடகைக்கு விட ஆயிரம் யோசிப்பார்கள். இதை நான் நிதானமாக, கோபமில்லாமல் ரூத்திடம் எடுத்துச் சொன்னேன். பெரிய தியாகம் செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு இல்லை. வராத கடனைத் தள்ளுபடி செய்வோமே, அந்த மாதிரிதான்.

“நாலு கல்லுக்கு நடுவுல நானும் கிரேசும் போய்ப் படுத்துக்கணுமா?” என்றாள்.

“வீடு கட்டிக்கலாம்.”

“யார் கட்டறது? கொத்தனார்கிட்ட நிக்கிறது யாரு?”

சில வாரங்கள் தினமும் இதே பேச்சு. பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். எனக்கு அது நிம்மதியாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

இதற்கிடையில் தேவசகாயம் ஒரு வைத்தியத்தைக் கையில் எடுத்தான். தினமும் காலையில் சைக்கிளில் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் ஆட்டு ஈரல் வாங்கி வந்து வீட்டில் வைத்துவிட்டு, அப்புறம்தான் வேலைக்குப் போவான். “ஈரலுக்கு ஈரல்தான் மச்சான் மருந்து. ரத்தம் வேற போயிருக்கு, ஊற வேணாமா?” என்பான். எண்ணெயில்லாமல், உப்பில்லாமல் வேகவைத்து, மேலே இரண்டு முட்டையும் சேர்த்துக் கொடுப்பார்கள். சபையில் கேள்விப்பட்டவர்களும் தங்கள் பங்குக்குக் கோழியும் ஈரலுமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா, எல்லாவற்றையும் தின்றேன். டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை, மருந்து என்றால்தானே சொல்ல வேண்டும், இது சாப்பாடுதானே என்று இருந்துவிட்டோம்.

நான் கொஞ்சம் தேறி ஆபீசுக்குப் போனேன். ஆனால் பகலெல்லாம் தூக்கம் வந்தது, ராத்திரி வரவில்லை. கையெழுத்து கோணியது. வரவில் எழுத வேண்டியதைச் செலவில் எழுதினேன். கிரேசை ஒரு பென்சிலுக்காகத் திட்டினேன், அவள் அழுததைப் பார்த்துச் சிரித்தேனாம். எனக்கு ஞாபகமில்லை. இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டதுதான்.

அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் கோயில்களில் அன்றைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததையும் வளர்த்ததையும் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். நெல், தேங்காய், வாழைத்தார், சேவல் எல்லாம் வரும். வயல் இல்லாத ஆபீஸ்காரர்கள் கேக் சுட்டுக்கொண்டு வருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். அன்று ஒரு எலுமிச்சம்பழம் பத்து ரூபாய்க்குப் போகும். காணிக்கைதானே, யாரும் விலையைப் பார்ப்பதில்லை. தன் வீட்டிலிருந்து கொண்டுபோன பொருளைத் தானே ஏலத்தில் எடுத்துத் திரும்பக் கொண்டுவருவதும் உண்டு. செம்பாக்கத்து மனையில் கிரேஸ் போட்ட கொடியில் முதல் காய் பழுத்திருந்தது. அந்தப் பூசணியை அவளே சுமந்துகொண்டு போய் வைத்தாள்.

ரிட்டயரான தலைமையாசிரியர் செல்லையா சார்தான் வருஷாவருஷம் ஏலம் விடுவார். பூசணியைத் தூக்கிக் காட்டினார். ஆளாளுக்குக் கேட்டார்கள். தபால் ஆபீஸ் ஜேக்கப் பன்னிரண்டு ரூபாய் என்றபோது நான் எழுந்து நின்றேனாம். “அது என் மனை. யாருக்கும் விடமாட்டேன்,” என்றேனாம். சபையில் சிரிப்பு. செல்லையா சாரும் விளையாட்டாக, “விடமாட்டேன்னா எப்படி? விலை சொல்லுங்க,” என்றார்.

“செம்பாக்கம் மனை,” என்றேன்.

“காய்க்கு விலை கேட்டேன் சார்.”

“காய்க்குத்தான் சொல்றேன். மனையைத் தர்றேன். எழுதிக்குங்க.”

வியாதியிலிருந்து எழுந்தவன் நன்றிக் காணிக்கை கொடுக்கிறான் என்று பின்வரிசையில் சிலர் கை தட்டிவிட்டார்கள். அந்தக் கைதட்டலில் செல்லையா சாரும் பழக்க தோஷத்தில் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று முடித்துவிட்டார். நான் பூசணியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் சரிந்தேன்.

மதுவிலக்கை எடுத்துச் சாராயக் கடைகளைத் திறந்துவிட்டிருந்த சமயம் அது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். ரூத் அவரிடம் நேராகப் போய், “வந்து இவர் வாயை மோந்து பாருங்க. நாலு பேருக்குத் தெரியட்டும்,” என்றாள். அவர் தயங்கிக் குனிந்து மோந்துவிட்டுப் பின்வாங்கினார். என் மூச்சில் அழுகின பழ வாடை அடித்ததாம். அது ஈரல் கைவிட்டவர்களின் வாடை என்று பிறகு டாக்டர் சொன்னார். முன்வரிசைக்காரருக்கு அது தெரியாது, சாராயம் என்றே முடிவுகட்டிவிட்டார். ரூத் அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நின்றாள்.

பெஞ்சிலிருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் சொன்ன விளக்கம் எளிமையானது. இறைச்சியும் முட்டையும் குடலில் செரிக்கும்போது அம்மோனியா என்ற விஷம் உண்டாகிறது. நல்ல ஈரல் அதை வடிகட்டிவிடும். கெட்ட ஈரல் விட்டுவிடுகிறது, அது மூளைக்குப் போய் மனுஷனைக் குழப்பி, தூங்க வைத்து, கடைசியில் எழுப்பாமலே விட்டுவிடும். ஆட்டு ஈரலைப் பற்றிக் கேட்டதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தேவசகாயம் வராந்தாவில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். வைத்தியம், குடலைக் கழுவ எனிமா, குளுக்கோஸ், நியோமைசின் என்ற மாத்திரை. குடலில் விஷம் பண்ணும் கிருமிகளை அது கொல்லும். விலையைக் கேட்டால் மனுஷனையே கொல்லும்.

கண் விழித்தபோது டாக்டர் என் இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். மணிக்கட்டு தானாக மடிந்து மடிந்து விழுந்தது. “நூறிலிருந்து ஏழு போனால் எவ்வளவு?” என்று கேட்டார். இருபது வருஷம் கணக்கெழுதிய எனக்கு விடை வரவில்லை. ரத்தம் வாந்தி எடுத்தபோது கூட அப்படி பயந்ததில்லை. தினமும் கேட்டார். ஒருநாள் தொண்ணூற்று மூன்று என்றேன். அதிலிருந்து ஏழு என்றார். எண்பத்தாறு என்றேன். ரூத் தலையைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அதன் பிறகுதான் பூசணிக் கதையை எனக்குச் சொன்னார்கள். போதகரும் செல்லையா சாரும் பார்க்க வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்ததும் போதகர், “அதை மனசுல வச்சுக்காதீங்க. சுகமில்லாதப்ப சொன்னது. கமிட்டி யாரும் மனையைக் கேட்கமாட்டாங்க,” என்றார். எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. மனை பிழைத்தது.

“இல்லைங்க பாஸ்டர்,” என்றாள் ரூத். “சார், நீங்க மூணு தரம் சொன்னீங்களா இல்லையா?”

“சொன்னேன்மா. தப்புதான்.”

“பீடத்துக்கு முன்னாடி மூணு தரம் சொன்னா, அது கோயில் சொத்து. எங்களுது இல்லை. கோயில் என்ன பண்ணணுமோ பண்ணட்டும்.”

போதகர் அவளையே பார்த்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. படுத்த இடத்திலிருந்தே, “உனக்கும் புத்தி கலங்கிடுச்சா? பைத்தியக்காரன் பேச்சை வச்சுக்கிட்டு மனையைக் குடுப்பியா?” என்றேன்.

ரூத் குரலை உயர்த்தவில்லை. “புத்தி தெளிவா இருந்தப்ப, நான் செத்துப்போறேன், மனையை வச்சுக்கோன்னு சொன்னீங்க. புத்தி கலங்கினப்ப மனையைத் தர்றேன்னு சொன்னீங்க. ரெண்டுல எது நல்ல வார்த்தை? நான் எதை எடுத்துக்கறது?”

வார்டில் சிஸ்டர் கூட நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

போதகர் காரியத்தைப் புரிந்துகொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி முடிவெடுத்தது. மனை சபைக்கு வந்தது, சபை அதை விற்கும், பூசணிக்கு எனக்கு முன்னால் ஜேக்கப் கேட்ட விலையான பன்னிரண்டு ரூபாயைச் சபை எடுத்துக்கொள்ளும், மீதியைக் கொடுத்தவருடைய ஆபரேஷனுக்கே கொடுத்துவிடும். இப்படி ஒரு தீர்மானத்தை அதற்கு முன்னும் பின்னும் எங்கள் கமிட்டி போட்டதில்லை. பத்திரத்தில் கையெழுத்து மட்டும் நான் போட வேண்டும்.

வாங்க வந்தவர் எத்திராஜ். ஆஸ்பத்திரிக்கே வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “இன்னா சார் இது, பூசணிக்காக்கு மனைய குடுத்துட்டியாமே? நம்ம மண்டியில சொல்லிகினு சிரிக்கிறானுங்க,” என்றார். பையிலிருந்து பத்திரத்தை எடுத்துப் பிரித்தார். “நான் வித்த மனை, நானே வாங்கிக்கினு போறேன். இன்னிக்கி வெல இன்னாவோ அத்த குடுக்கறேன், கொறைக்க மாட்டேன். டீச்சரம்மா ரெண்டு தபா வூட்டுக்கு வந்து பேசிட்டுப் போச்சு. பேஜார் பண்ணாத போடு சார்.”

ரூத் தாளைப் பிடித்துக்கொண்டாள். கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் நடந்தது. விலாவில் நீளமாக ஒரு தழும்பு இருக்கிறது. ரத்த வாந்தி அதற்குப் பிறகு வரவில்லை. மற்றபடி நான் குணமானவன் இல்லை. உப்பு கிடையாது, இறைச்சி நாக்கில் படக் கூடாது, கிறிஸ்துமஸ் அன்று எல்லாரும் பிரியாணி சாப்பிடும்போது எனக்குத் தயிர்சாதம். மனைப் பணத்தில் ஆபரேஷன் போக மிஞ்சியது ஒரு வருஷ மாத்திரைக்குச் சரியாக இருந்தது. இப்போது ரூத் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறாள். கம்பெனியில் என்னைத் தள்ளவில்லை, பெரிய பேரேட்டை மட்டும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். வாடகை வீடு அதேதான். எத்தனை காலம் என்று நான் டாக்டரைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நான் போட்ட பழைய கணக்கு தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது. ரூத்திடம் மட்டும் அதைச் சொல்வதில்லை.

மூளைக் குழப்பம் மறுபடி வரலாம், வந்தால் முதலில் எனக்கே தெரியாது, வீட்டில் உள்ளவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று டாக்டர் ரூத்திடம் சொல்லியிருக்கிறார். அதனால் தினமும் காலையில் காபி டம்ளரை நீட்டும்போது, “நூத்துல ஏழு போனா?” என்பாள். விடை சொன்னால்தான் டம்ளர் கைக்கு வரும்.

இந்த வருஷ அறுப்பின் பண்டிகையிலும் ஒரு பூசணி வந்திருந்தது. செல்லையா சார் தூக்கிக் காட்டியதும் சபையில் பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யாரோ பதினோரு ரூபாய் என்றார்கள். என் கை எழும்பியது. ரூத் சட்டென்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“நூத்துல ஏழு போனா?” என்றாள் காதோடு.

“தொண்ணூத்து மூணு.”

“அதுல ஏழு?”

“எண்பத்தாறு.”

“அதுல?”

“எழுபத்தொம்பது. ஏலம் முடிஞ்சிடும், விடு.”

விட்டாள். நான் எழுந்து பன்னிரண்டு ரூபாய் என்றேன். செல்லையா சார் என்னைப் பார்க்கவில்லை, ரூத்தைப் பார்த்தார். அவள் தலையை அசைத்த பிறகுதான் ஒரு தரம் என்றார்.